உடல் என்னும் ஊர் – 6: யாருடைய வலம்?

அரக்கோணத்தில் இருந்து ரேணிகுண்டா போகும் பாசஞ்சர் ரயில் திருத்தணியைத் தாண்டியதும் பெட்டிக்குள் பேச்சு மெல்லத் தெலுங்காக மாறும். வேங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை என்று பலகை முழுக்கப் பெயர் நீளும் நிலையம் வரும். நகரி, ஏகாம்பரகுப்பம் வரும். பிறகு புத்தூர். துண்டைத் தூளியாகக் கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கியபடி சிலர் இறங்குவார்கள். கால் ஊன்ற முடியாதவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்குவார்கள். எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த என் அத்தையோடு நானும் ஒருமுறை அங்கே இறங்கினேன். கட்டுப் போடும் பெரியவர் எதிரே உட்கார்ந்து, "ஏ செய்யம்மா? குடி செய்யா, எடம செய்யா?" என்று கேட்டார். அத்தைக்கு 'செய்' என்றால் கை என்று பிடிபட்டது. 'எடம' என்பது நம் இடம்தான் என்றும் ஊகித்துவிட்டார். 'குடி' மட்டும் விளங்கவில்லை. "எடம இல்லீங்க, இந்தாண்ட கை" என்றார். எதிரே இருந்தவருக்கு எது இந்தாண்ட, எது அந்தாண்ட? கடைசியில் அத்தை கையையே நீட்டினார். வீங்கிய இடத்தைப் பார்த்த பெரியவர் "மணிகட்டு" என்றார். "ஆமாங்க, மணிக்கட்டுதான்" என்றார் அத்தை. அவர் முகத்தில் அதுவரை இருந்த பயம் அந்த ஒரு சொல்லில் பாதி குறைந்தது.

தெலுங்குக்கும் தமிழுக்கும் மணிக்கட்டு ஒன்றே. கட்டும் ஒன்றே. வலம் என்ற சொல்தான் வேறு; தெலுங்கில் அது 'குடி'. அந்த வலம் எவருடைய வலம் என்று தெளிவாகச் சொல்வதில்தான் இந்த வாரப் பாடம் முழுவதும் இருக்கிறது.

நிற்கும் நிலை

உடலின் திசைகளைப் பேசுவதற்கு முன் மருத்துவ உலகம் ஒரு நிலையை வகுத்துக்கொண்டது. நிமிர்ந்து நிற்க வேண்டும். முகம் நேரே பார்க்க வேண்டும். பாதங்கள் முன்னோக்கி இருக்க, கைகள் இருபுறமும் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் திரும்பியிருக்க வேண்டும். உடற்கூற்று நிலை என்று இதற்குப் பெயர். நோயாளி கட்டிலில் மல்லாந்து கிடக்கலாம், வலியில் சுருண்டு படுத்திருக்கலாம். அவர் அப்படி நிமிர்ந்து நிற்பதாகவே கொண்டு மருத்துவர்கள் பேசுவார்கள்.

திருமலையில் வரிசை நகர்த்திக் கொண்டுபோய்விடும் அந்தச் சில நொடிகளில் நாம் காண்பது என்ன? கிழக்கு நோக்கி நிமிர்ந்து நிற்கும் திருமேனி. வலது கீழ்க்கையின் உள்ளங்கை நம்மைப் பார்க்க, விரல்கள் திருவடியைச் சுட்டுகின்றன. இடது கீழ்க்கை தொடையருகே படிந்திருக்கிறது. உடற்கூறு பயிலும் மாணவர் நினைவில் வைக்க அந்த வலக்கை போதும். உள்ளங்கை முன்னோக்கித் தொங்கும் கை எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உருவம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளங்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? உங்கள் கையை நீட்டி உள்ளங்கையை மேலே காட்டுங்கள். முன்கையில் ரேடியஸ் என்று பள்ளியில் படித்த ஆரை எலும்பும் அல்னா எலும்பும் அருகருகே இணையாகக் கிடக்கின்றன. இப்போது கையைக் கவிழ்த்துங்கள். கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு உருண்டு, அல்னாவின் மேல் குறுக்காக ஏறிவிடுகிறது. கவிழ்ந்த கையில் 'உள்பக்கம்' என்று ஒருவர் சொல்வது நிமிர்ந்த கையில் 'வெளிப்பக்கம்' ஆகிவிடும். ஆகவேதான் முதலில் நிலையை ஒப்புக்கொள்கிறார்கள், பிறகு திசையைச் சொல்கிறார்கள். அந்த நிலையில் கட்டைவிரல் வெளிப்பக்கம், சுண்டுவிரல் உள்பக்கம்.

இன்னொன்றையும் அதே சந்நிதியில் கற்கலாம். பெருமாளின் வலமார்பில் திருமகள் உறைகிறாள் என்கிறோம். எதிரே நிற்கும் நமக்கு அது இடப்புறம்தான். ஆனாலும் யாரும் இடமார்பு என்று சொன்னதில்லை. பார்க்கிறவரின் கையைவிட்டு, நிற்கிறவரின் கையைக் கணக்கில் கொள்வது நமக்குக் கோயிலில் பழகிய மரியாதை. மருத்துவம் நோயாளிக்குத் தருவதும் அதே மரியாதைதான். வலது என்றால் நோயாளியின் வலது. எக்ஸ்ரே படத்தை மருத்துவர் விளக்கில் மாட்டும்போது நோயாளி எதிரே நிற்பது போலத்தான் மாட்டுவார். ஓரத்தில் ஆர் அல்லது எல் என்று ஒரு ஆங்கில எழுத்து பதிந்திருக்கும். அடுத்த முறை உங்கள் படத்தை வாங்கியதும் முதலில் அந்த எழுத்தைத் தேடுங்கள்.

மேல் திருப்பதி, கீழ் திருப்பதி

தமிழில் திசைப் பெயர்கள் மண்ணில் இருந்து வந்தவை. மேல் இருப்பது மேற்கு, கீழ் இருப்பது கிழக்கு. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று நிலம் சரிந்து கிடப்பதால் வந்த சொற்கள். மலை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் சரிவு தலைகீழ். அங்கே கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு, கிழக்காகவே நிலைத்துவிட்டது. சொல் ஒருமுறை ஊன்றிவிட்டால் நிற்கிறவர் மாறினாலும் அது மாறுவதில்லை.

உடலிலும் அப்படித்தான். தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ். ஒருவர் சிரசாசனம் செய்தாலும் அவருடைய மூக்கு வாய்க்கு மேல்தான். மேல் திருப்பதியில் இருப்பவர் படுத்தாலும் உட்கார்ந்தாலும் மேல் திருப்பதியிலேயே இருப்பது போல.

அடுத்த இணை முன், பின். மார்பு, வயிறு, முழங்கால் சில்லு இவை முன்புறம். முதுகு, பிட்டம், குதிங்கால் பின்புறம். மூன்றாவது இணை உள், வெளி. நெற்றி நடுவில் தொடங்கி மூக்கு, தொப்புள் வழியாக இரு கால்களுக்கு நடுவே ஒரு நேர்க்கோடு இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை நெருங்கினால் உள்பக்கம், விலகினால் வெளிப்பக்கம். கண்ணைவிட மூக்கு உள்ளே, கண்ணைவிடக் காது வெளியே. தோலை ஒட்டியது மேலோட்டம், எலும்பை ஒட்டியது ஆழம் என்று இன்னொரு இணையும் உண்டு.

கைகால்களுக்கு மட்டும் தனி இணை: அண்மை, சேய்மை. இலக்கண வகுப்பில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று படித்தோமே, அதே சொற்கள். கை உடலில் முளைக்கும் தோளுக்கு நெருங்கியது அண்மை. விரல் நுனியை நெருங்கியது சேய்மை. முழங்கையில் இருந்து பார்த்தால் தோள் அண்மை, மணிக்கட்டு சேய்மை. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இது மாறாது.

இதை விளக்கச் சுவர்ணமுகியைவிட நல்ல உதாரணம் இல்லை. தமிழில் பொன்முகலி என்று பேர் பெற்ற ஆறு. திருப்பதிப் பக்கமாக வந்து, காளத்தியில் கோயிலை ஒட்டி வடக்கே திரும்பி, பிறகு கடலுக்குப் போகிறது. ஆறு எந்தத் திக்கில் திரும்பினாலும் தலைப்பகுதி தலைப்பகுதிதான், கடைப்பகுதி கடைப்பகுதிதான். கையும் அப்படி ஓர் ஆறு. தோளில் பிறந்து விரலில் முடிகிறது. மடக்கினாலும் நீட்டினாலும் அதன் தலைமாடு தோள்பக்கமே.

எலும்பில் ஒரு வயற்காடு

திசை தெரிந்துவிட்டது. இனி அந்தத் திசையில் நடந்து எலும்பைத் தொட வேண்டும். வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள். வழவழப்பான குச்சிகளாக அவற்றை எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொன்றிலும் மேடு, பள்ளம், முகடு, துளை எல்லாம் உண்டு. லத்தீனில் அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் வயலையும் வீட்டையும் பார்த்தே வைத்தார்கள். உழவுசாலைக் குறிக்கும் சொல்லை எலும்பின் நீள்பள்ளத்துக்கு வைத்தார்கள். அகழியைக் குறிக்கும் சொல்லைக் குழிக்கு வைத்தார்கள். கணுக்காலின் புடைப்புக்குச் சிறு சுத்தியல் என்று பேர். முழங்கால் சில்லுக்குச் சிறு தட்டு. கீழ்க்காலின் பெரிய எலும்புக்குப் புல்லாங்குழல். மணிக்கட்டில் ஒன்றுக்குப் படகு, ஒன்றுக்குப் பிறை, ஒன்றுக்குப் பட்டாணி.

நம் மக்களும் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். கழுத்தணியான காறை கிடக்கும் இடத்தில் காறை எலும்பு. பாண்டி ஆடும் சில்லைப் போல இருப்பதால் முழங்கால் சில்லு. கெண்டை மீன் போலத் திரண்டிருப்பது கெண்டைக்கால். கணுக்கால் என்ற சொல்லின் பொருள் வேண்டுமானால் சித்தூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் போய் நின்றால் போதும். கரும்பில் கணு எங்கே புடைக்கிறதோ, காலில் கணுக்கால் அங்கே புடைக்கிறது.

எலும்பின் வடிவங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கு காரணங்கள் தெரிந்தால் போதும். ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும் இடத்தில் மேடு எழும். ஓர் எலும்பு இன்னொன்றோடு அசையும் இடத்தில் உருண்ட தலையோ வழவழப்பான குழியோ இருக்கும். நரம்போ தசைநாரோ எலும்பை உரசி ஓடும் இடத்தில் சால் விழும். ரத்தக்குழாயோ நரம்போ எலும்பைக் கடந்து போகும் இடத்தில் துளை இருக்கும். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெருந்துளையும், பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போடத் தேடும் தாடையின் சிறு துளையும் இந்தக் கடைசி வகை.

இப்போது உங்கள் உடலிலேயே தொட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் விரலுக்கு அடியில் தட்டுப்படும் வரப்பு, இடுப்பெலும்பின் முகடு. இரு முகடுகளையும் முதுகின் குறுக்கே ஒரு கோட்டால் இணைத்தால் அது கீழ்முதுகின் நான்காவது முள்ளெலும்பை ஒட்டிப் போகும். சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களே, மயக்க மருத்துவர் உங்கள் இடுப்பைத் தொட்டுத் தேடியது அந்தக் கோட்டைத்தான்.

தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் பின்னால் எழும் முள், பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது எலும்பு. தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் தட்டுப்படும் பெரிய மேடு, தொடை எலும்பின் பெருமுடிச்சு. உடலின் மிக நீளமான எலும்பு அது. அந்த மேட்டுக்கு மேலே உள்பக்கமாக ஆழத்தில் இருப்பது அதன் கழுத்து. பாட்டிகள் விழுந்தால் அடிக்கடி முறியும் இடங்களில் ஒன்று அந்தக் கழுத்து. கணுக்காலில் இரண்டு பக்கமும் தொடுங்கள். வெளிப்பக்கப் புடைப்பு உள்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். கையைக் கவிழ்த்துங்கள். மணிக்கட்டின் முதுகில் சுண்டுவிரல் பக்கம் மணி போல எழுந்து நிற்பது அல்னாவின் கீழ்த்தலை.

அலிபிரியில் தொடங்கித் திருமலைக்குச் சுமார் 3,550 படி ஏறியவர்களுக்கு இன்னொரு மேட்டையும் சொல்ல வேண்டும். முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே, முன்புறம், ஒரு புடைப்பு இருக்கிறது. தொடையின் பெருந்தசை சில்லைப் பிடித்து, சில்லு வழியாக ஒரு தடித்த நாரால் அந்தப் புடைப்பை இழுக்கிறது. நாம் ஒவ்வொரு படியிலும் உடலைத் தூக்குவது இந்த இழுப்பால்தான். வழியில் செங்குத்தான ஓரிடத்துக்குத் தமிழ் யாத்திரிகர்கள் வைத்த பேர் முழங்கால் முறிச்சான். தெலுங்கில் அது மோகாள்ள பர்வதம், முழங்கால் மலை. இரு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் ஒரே வலியை உணர்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர்கள் பெருகினாலும் ஆபத்து உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூல்களில் உடலின் ஏறத்தாழ 5,000 உறுப்புப் பகுதிகளுக்குச் சுமார் 50,000 பெயர்கள் புழங்கின. 1895-இல் உடற்கூற்று அறிஞர்கள் பாசெல் நகரில் கூடி ஒன்றுக்கு ஒரு பெயர் என்று முடிவு செய்தார்கள். நம் மொழியில் அந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழில் வெளியிட்டார். எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் குழிக்கும் தமிழில் பெயர் சொல்ல முடியும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை.

கட்டும் படமும்

புத்தூருக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'புத்தூர் கட்டு' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பெயரின் தாய்வீடு புத்தூரை ஒட்டிய ராச்சபாளையம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேசவ ராஜு என்பவர் இந்த வைத்தியத்தைத் தொடங்கியதாகவும், கால் ஒடிந்த முயலைப் பச்சிலையால் சுற்றியபோது அது பிழைத்து ஓடியதைக் கண்டு கற்றுக்கொண்டதாகவும் அங்கே கதை சொல்வார்கள். அவர் வழிவந்தவர்கள் இன்றும் பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் கட்டுகிறார்கள். 1960 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைகள் நகர்ந்த பிறகும் கை ஒடிந்தவர்கள் அந்தப் பக்கம் போவது நிற்கவில்லை.

அவர்கள் விரல் எதை வாசிக்கிறது? தோலுக்கு உடனடியாகக் கீழே கிடக்கும் எலும்பை. காறை எலும்பு முழுவதும் அப்படிக் கிடக்கிறது. அல்னாவின் பின்விளிம்பு முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தடவக் கிடைக்கும். கீழ்க்காலின் முன்விளிம்பும் அதன் உள்பக்கமும் தசையே இல்லாமல் தோலோடு ஒட்டியவை. அங்கெல்லாம் படி விழுந்திருந்தால் தேர்ந்த விரல் கண்டுபிடிக்கும். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் மணிக்கட்டு முறிவை 1814-இல் விவரித்ததும் விரலாலும் கண்ணாலும்தான். ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்க இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன.

காலிஸ் சொன்னது என் அத்தையின் கைக்கு நேர்ந்ததேதான். ஊன்றி விழுந்ததில் ஆரை எலும்பின் சேய்மை முனை முறிந்து, பின்புறமாகச் சாய்ந்திருந்தது. 1847-இல் அதே டப்ளினில் ராபர்ட் ஸ்மித் இன்னொரு முறிவை விவரித்தார். அதே எலும்பு, ஏறத்தாழ அதே இடம், ஆனால் முறிந்த துண்டு முன்புறம், உள்ளங்கைப் பக்கம் சாய்ந்திருக்கும். முன்னதைச் சரிசெய்ய இழுக்கும் விதமும் பின்னதைச் சரிசெய்ய இழுக்கும் விதமும் எதிரெதிர். 'மணிக்கட்டு முறிவு' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். முன்னா, பின்னா என்ற ஒரு சொல்தான் கையைக் காப்பாற்றுகிறது.

எலும்புக்கு எக்ஸ்ரே குறைந்தது இரண்டு கோணத்தில் எடுப்பதும் இதனால்தான். முன்னிருந்து பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன்னும் பின்னும் சாய்ந்திருப்பது முதல் படத்தில் மறைந்துவிடலாம். இரண்டாம் படத்தில் மறைக்க முடியாது. அத்தைக்கு நாங்கள் அங்கே போகும் முன்பே இரண்டு படமும் எடுத்திருந்தோம். பெரியவரும் படத்தைப் பார்த்த பிறகே கையைத் தொட்டார்.

விரலுக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடை எலும்பின் கழுத்து, முதுகெலும்பு, மூட்டுக்குள் ஓடிய முறிவு, குழந்தைகளின் எலும்பு வளரும் முனை, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் காயம் இவற்றுக்கு நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். புத்தூரில் இருந்து திருப்பதி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, அதோடு சேர்ந்த ரூயா மருத்துவமனை, தேவஸ்தானத்தின் எலும்பு மருத்துவமனையான பர்ட், 1993-இல் திறந்த சுவிம்ஸ் மருத்துவமனை எல்லாம் அங்கே இருக்கின்றன.

கட்டு எங்கே போட்டாலும், மூங்கிலோ மாவுக்கட்டோ, ஒன்றை மறக்கக் கூடாது. கட்டுக்குச் சேய்மையில் இருக்கும் விரல்களைப் பாருங்கள். அவை வெளிறினாலும் நீலம் பாரித்தாலும், குளிர்ந்தாலும் மரத்துப்போனாலும், விரலை நீட்டினால் உயிர் போவது போல வலித்தாலும் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தசை சில மணி நேரத்தில் செத்துப்போகும். கட்டைத் தளர்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கண்ணப்பர் வைத்த அடையாளம்

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் 'இங்கே வலிக்குது' என்று நாம் சொல்வதை இன்று முதல் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பக்கம்: என் வலது, என் இடது. அடுத்து முகம்: முன், பின், உள், வெளி. கடைசியாகத் தொட்டால் தெரியும் ஒரு மேட்டில் இருந்து எத்தனை விரற்கடை. 'வலது கால், முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை கீழே, உள்பக்கம்.' தொலைபேசியில் சொன்னாலும் கேட்பவர் விரல் வைத்துவிடக் கூடிய வாக்கியம் இது. பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஊமை வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நாம் தரக்கூடிய பெரிய உதவி, அவர் வலிக்கு ஒரு முகவரி.

பொன்முகலிக் கரையில் காளத்தி மலையில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். இறைவன் கண்ணில் குருதி கண்ட வேடர் கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். மறுகண்ணிலும் குருதி வந்தது. இரண்டாவதையும் எடுத்துவிட்டால் தமக்குப் பார்வை இருக்காது, எங்கே அப்புவது என்று தெரியாது. ஆகவே முதலில் தம் காலை இறைவன் கண்மேல் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். பிறகே அம்பை எடுத்தார். பக்தியின் உச்சமாக இதைப் படித்திருக்கிறோம். எனக்கு இதில் ஒரு வைத்தியனின் பொறுப்பும் தெரிகிறது. கை வைக்கும் முன் இடத்தைக் குறித்துக்கொள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குகளுக்கு என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: அறுவை செய்யும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா? வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலைத் திறந்துவிடும் பிழை உலகம் முழுக்க நடந்திருப்பதால் வந்த கேள்வி அது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அறுவை என்றால், விழிப்போடு இருக்கும்போதே அந்தப் பேனா அடையாளத்தைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல மருத்துவர் மகிழ்வார்.

கண்ணப்பரின் கையைப் பிடித்துத் தடுத்த இறைவன், என் வலப்பக்கத்தில் நில் என்று அருளியதாகச் சேக்கிழார் முடிக்கிறார். யாருடைய வலம் என்று கண்ணப்பர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை, சொன்னவர் 'என்' என்று சேர்த்தே சொல்லியிருந்தார்.

என் அத்தையும் அன்று 'இந்தாண்ட' என்பதற்குப் பதில் 'என் வலது' என்று சொல்லிக் கையைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும். தமிழோ தெலுங்கோ, பெரியவருக்குப் புரிந்திருக்கும்.

(அடுத்த வாரம்: இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் – மூட்டு)